கபிலக்கல்லும் புறநானூற்றுப் பழங்குறிப்பும்

ஏடு திரியும், கல் திரியாது என்னும் எண்ணம் ஆராய்ச்சியாளரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. ஏடெழுதுவோர் கை சோரும். கண் ஒருவரியை விட்டு மறுவரிக்குத் தாவும். செல்லும் இராமபாணமும் எஞ்சியதை அரிக்கும். கல்லோ வெட்டியது வெட்டியவாறே நிற்கும். ஆதலின் இரண்டும் மாறுபடுமிடத்துக் கல்லைக் கொண்டு ஏட்டைத் திருத்துதலே முறையென்று பலரும் கொள்கின்றனர். இக்கொள்கை முழுதும் பொய்யன்று. ஆயினும் வரையறை இன்றிக் கையாளப்படுங்கால் அது பதிப்புத் துறைக்குப் பெருந்தீங்கு விளைக்கும் என்பது எம் கருத்து. கள்ளக்குறிச்சி நாட்டுக் கல்வெட்டுகள் இரண்டனைச் சான்றாக வைத்து இதனை ஈண்டு ஆராய்வாம்.

அவ்விரண்டனுள் ஒன்று, திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துப் பொறிக்கப்பட்டுக் கபிலக்கல்லைக் குறிப்பது. மற்றொன்று, தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறையினர் 1981ஆம் ஆண்டிற் கண்டறிந்த ஜம்பைத் தமிழ்ப் பிராமி எழுத்து. இரண்டு ஊர்களும் முன்னர்த் தென்னார்க்காட்டு மாவட்டத்தையும், 1993 முதல் விழுப்புர மாவட்டத்தையும் சார்ந்திருந்து, 2019ஆம் ஆண்டு முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின்பாற் பட்டவை. பழைய கல்வெட்டுத் தொகுதிகளிற் கள்ளக்குறிச்சி என்று தேடிக் காணாது சோரும் மாணவர் தென்னார்க்காடு என்னும் தலைப்பின்கீழ்த் தேடுவாராக.

இந்நாட்டின் மேற்கெல்லையாய் நிற்பது கல்வராயன் மலை. கோமுகியும் மணிமுத்தாறும் அதன்கண் தோன்றிக் கீழ்நாட்டை ஊட்டுகின்றன. அதன் வடபுறத்தே, சவ்வாது மலைக்கும் அதற்கும் இடைப்பட்ட வெளியிற் தென்பெண்ணை கிழக்கு நோக்கி ஓடித் திருக்கோவலூரை அடைகின்றது. மேற்கே அதியமான் தகடூர், கிழக்கே மலையமான் கோவலூர், இடையே மலை. இந்நில அமைப்பை மனத்திற் கொள்ளாது இக்கல்வெட்டுகளைப் படித்தல் பயன்தராது.

ஆராய்ச்சிக்குட் புகுமுன், நமக்குத் துணையாவதொரு பிறநாட்டு நெறியைக் குறிப்பிடல் வேண்டும். வரலாற்று நூல்களை ஒப்புநோக்கித் திருத்துங் கலையிற் சீனர் நெடுங்காலப் பயிற்சி உடையவர். சென் யுவான் என்னும் சீனப் பேரறிஞர், யுவான் அரசமரபுக் காலத்துச் சட்டத் தொகுதியொன்றின் அச்சுப் பதிப்பை அரண்மனையிற் கிடைத்த பழம் பிரதியோடு ஒப்பிட்டு, 12,000க்கு மேற்பட்ட பிழைகளை வெளிப்படுத்தினார். அப்பணியின் பயனாக, 1931இல், திருத்துநெறி நான்கு என வகுத்தார். ஒரு நூலின் பிரதிகளைத் தம்முள் ஒப்பிடுதல் ஒன்று. நூலின் ஒருபகுதியை அதன் பிறிதொரு பகுதியோடு ஒப்பிடுதல் மற்றொன்று. பிற நூல்களின் சான்று கொண்டு திருத்துதல் மூன்றாவது. சான்றொன்றும் இல்லாவிடத்து அறிவின் ஆற்றலால் உய்த்துணர்ந்து திருத்துதல் நான்காவது. இவற்றுள் இறுதியது மிக்க நுட்பமும் மிக்க இடரும் ஒருங்கே உடையது என்றும் அவர் எச்சரித்தார். நம் பதிப்பாசிரியர்களும் இந்நான்கனையும் பெயரிடாமலே கையாண்டவர்கள்தாம். 1894இற் புறநானூற்றை வெளியிட்ட டாக்டர் உ. வே. சாமிநாதையர் முதல் நெறியையும் இரண்டாம் நெறியையும் உயிரெனப் போற்றினார். பிரதிபேதங்களை மறையாது காட்டினார். கிடையாத 267, 268ஆம் பாட்டுகளின் இடத்தை வெற்றிடமாகவே விட்டார். கல்வெட்டறிவை மிகுதியாகக் கொண்டு வந்து ஊர்ப் பெயர்க்கும் புலவர் பெயர்க்கும் புத்தொளி தந்தவர் ஔவை சு. துரைசாமிப் பிள்ளை ஆவர். அவருடைய உரை மூன்றாம் நெறியின் செல்வம்.

கல்வெட்டால் நூலைத் திருத்துதற்குச் சீனத்தே பெரும்புகழ் வாய்ந்த எடுத்துக்காட்டு உண்டு. ஏறத்தாழக் கி. மு. 100ஆம் ஆண்டளவிற் சிமா சியென் இயற்றிய ஷி ஜி என்னும் வரலாற்று நூல், அவர்க்கு ஆயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட ஷாங் அரசர்களின் முறையைக் கூறுகின்றது. அந்நூலில் அம்மரபின் முன்னோர் மூவர், பாவோ டிங், பாவோ யி, பாவோ பிங் என்ற வரிசையில் நிற்கின்றனர். 1917இல் வாங் குவோவெய், உடைந்த குறியெலும்புத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் படித்து, உண்மை வரிசை யி, பிங், டிங் என நிறுவினார். யி, பிங், டிங் என்பன சீனரின் பத்துநாட் பெயர்களுள் அடுத்தடுத்து வருவனவாதலின், உய்த்துணர்வும் அவ்வரிசையையே உறுதி செய்தது. நூற்சான்றையும் மண்ணிற் கிடைத்த சான்றையும் இணைத்துக் காணும் இம்முறைக்கு அவர் பின்னர் இரட்டைச் சான்று நெறி எனப் பெயரிட்டார்.

இவ்வெற்றியைக் கேட்டு மகிழும் நாம் ஒன்றை மறத்தலாகாது. வாங் குவோவெய் கண்ட எலும்பு, அவர் திருத்திய நூலினும் ஓராயிரம் ஆண்டு மூத்தது. திருத்தும் உரிமையை அதற்குத் தந்தது எலும்பாயிருத்தலன்று, முதுமையே.

இனிக் கபிலக்கல்லுக்கு வருவாம். பாரியின் நண்பராகிய கபிலரின் இறுதியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சான்றுகள் தம்முள் முரணுவன. புறநானூற்று 236ஆம் பாட்டின் பழங்குறிப்பு, அவர் பாரிமகளிரைப் பார்ப்பார்ப் படுத்துப் பின் வடக்கிருந்தார் என்று கூறும். கோயிற் கல்வெட்டோ, பாரியின் அடைக்கலமாகிய பெண்ணை மலையனுக்குக் கொடுத்துவிட்டு, பெண்ணையாற்றின் நடுவே உள்ள பாறையின்கண் அவர் தீப்புகுந்தார் எனக் கூறும். ஆற்றினுள் இன்றும் நிற்கும் பாறையும் அதன்மேலுள்ள சிறு கோயிலும் கபிலர் பெயராலேயே வழங்குகின்றன. பிற்காலத் தனிப்பாடற் கதைகளோ, கபிலரை விட்டு ஔவையாரைக் கொணர்ந்து, அங்கவை சங்கவை எனப் பெயர் சூட்டிய பெண்கள் இருவரையும் திருக்கோவலூரில் மணமுடித்து வைக்கும். இப்பெயர்கள் புறநானூற்றில் யாண்டும் இல்லை. 112ஆம் பாட்டைப் பாடியோர் பாரி மகளிர் என்றே குறிக்கப்பெறுவர்.

இம்முரண்பாட்டைத் தீர்க்கப் புகுந்தோர் இருதிறத்தர். ஒருதிறத்தார், கல்லே உண்மை கூறும் எனக் கொண்டு வடக்கிருத்தலைத் தள்ளினர். கட்டுரைகளிலும் பாடநூல்களிலும் கபிலர் தீப்பாய்ந்தார் என்றே எழுதினர். மற்றொரு திறத்தார், இரண்டனையும் ஒட்டவைத்தனர். அவர் கூற்றின்படி, பார்ப்பார்ப் படுத்தல் என்பது மணஞ்செய்து கொடுத்தலன்று, காவலுக்கு ஒப்படைத்தலே. பின்னர் மலையன் மணந்தான். கபிலர் வடக்கிருக்கத் தொடங்கி இறுதியிற் தீப்புகுந்தார். கேட்பதற்கு இனிதாயிருக்கும் இவ்விளக்கத்தில் ஒரு குறை உண்டு. வடக்கிருக்கத் தொடங்கியவர் தீப்புகுந்தார் என்று எச்சான்றும் கூறவில்லை. முரணிய இரண்டு சான்றுகளினின்று எவர்க்கும் உரித்தல்லாத மூன்றாவது கதை ஒன்று பிறந்துவிட்டது. ஒப்புநோக்கல் என்னும் பெயரால் நடைபெறும் புத்தாக்கம் இது.

நாம் முதலிற் கேட்கவேண்டிய வினா வேறு. பாட்டு என்ன கூறுகின்றது? 236ஆம் பாட்டிற் கபிலர் இறந்த பாரியை விளித்து, நட்பிற்கு ஒவ்வாதபடி தம்மை உடன்வர விடாது நிறுத்திச் சென்றமைக்கு நொந்து, இம்மையிற் போல மறுமையிலும் பிரியாது உடனுறையும்படி ஊழ் கூட்டுக என வேண்டுகின்றார். அவ்வளவே. பட்டினி கிடத்தலும் இல்லை, தீயும் இல்லை, மகளிரும் இல்லை, பெண்ணையாறும் இல்லை. ஆகவே பழங்குறிப்பும் கல்வெட்டும் பாட்டிற்குப் புறத்தே நிற்பனவாம். குறிப்புகள் பாட்டோடு ஒருங்கு பிறந்தன அல்ல. தொகுத்தோரோ அவர்க்குப் பின்வந்தோரோ எழுதிச் சேர்த்தவை. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் வடக்கிருந்த செய்தியை அறிந்த ஒருவர்க்கு, நண்பனோடு உடன்செல்ல விழையும் இப்பாட்டைக் கண்டவுடன் வடக்கிருத்தல் நினைவிற்கு வருதல் இயல்பே. யாம் குறிப்பைப் பொய் என்கின்றிலேம். அது பாட்டினும் பிற்பட்டது என்பதை மறவாதிருத்தல் வேண்டும் என்கின்றேம்.

இனிக் கல்வெட்டை நோக்குக. அது பாடப்பெற்ற கபிலர்க்கு எண்ணூறு ஆண்டுகட்குக் குறையாமற் பிற்பட்டது. அன்றியும் அது செய்யுள். செய்யுளாதலைப் பலரும் கருதுவதில்லை. புறநானூற்று 113ஆம் பாட்டும் 200 முதல் 202 வரையுள்ள பாட்டுகளும் பாரிமகளிரைப் பன்மையாற் கூற, கல்வெட்டு ஒருமையாற் கூறுகின்றதே என்று தடுமாறினோர் உளர். இருவருள் ஒருத்தியே மலையனை அடைந்தாள் என எழுதினோரும் உளர். கல்வெட்டுப் புலவர் பெண்ணை என்னும் சொல்லை முதலிற் பெண் என்பதன் இரண்டாம் வேற்றுமையாகவும், உடனே ஆற்றின் பெயராகவும் மடக்கி வைத்துள்ளார். பெண்டிரை என்றோ மகளிரை என்றோ கூறின் அம்மடக்கு நில்லாது. ஒருமை வந்தது அணியின் பொருட்டேயன்றி வரலாற்றின் பொருட்டன்று. அணியிலக்கணம் விடை கூறும் இடத்தில் வரலாறு எழுதுவது வீண்.

தீப்புகுதல் பற்றியும் இத்தகைய ஐயம் எமக்கு உண்டு. அதே கல்வெட்டு, இராசராசனின் தாயாகிய வானவன் மாதேவியைப் புகழ்கின்றது. அவர் மலையமான் குடியிற் பிறந்தவர். கணவனாகிய சுந்தரசோழன் இறந்தபோது, முலையுண்ணும் குழவியையும் பிரிந்து உடன் தீப்புகுந்தவர். மலையர் குடிக்கும் கோவலூர்க்கும் பெருமை தேடும் புலவர், அக்குடியிற் பிறந்த அரசியின் தீப்புகுதலைப் பாடிய அதே மூச்சில், அவ்வூரோடு தொடர்புடைய பெரும்புலவரையும் தீப்புகுத்துகின்றார். இரண்டும் ஒரே பாட்டில் அமைந்தமை தற்செயல் என்று கொள்ள எம் உள்ளம் ஒருப்படவில்லை. ஊரில் அன்று வழங்கிய செவிவழிச் செய்தி ஒன்று அவர்க்கு முன்பே இருந்திருக்கலாம். கல்லின் பெயரே அதனைக் காட்டும் எனலாம். அங்ஙனமாயினும் அது பத்து, பதினோராம் நூற்றாண்டுக் கோவலூர்ச் செய்தியேயன்றிச் சங்ககாலச் செய்தியாகாது.

இதனினும் வலிய சான்று ஒன்றுண்டு. பாட்டிற் கபிலர் வேண்டுவது மறுபிறப்பில் நண்பனோடு கூடுதல். கல்வெட்டிற் கபிலர் எண்ணுவது வீடுபேறு. பிறவியை வேண்டுதலும் பிறவியினின்று நீங்குதலும் ஒன்றுக்கொன்று எதிர். 236ஆம் பாட்டை முன்வைத்துக்கொண்டு அக்கல்வெட்டைப் பாடியிருப்பின் இவ்வேறுபாடு தோன்றியிராது. ஆகவே கல்வெட்டு, புறநானூற்றுக்கு இன்னொரு பிரதியும் அன்று. அதன் உரையும் அன்று. வேறோர் ஊற்றினின்று வந்த வேறொரு நூல். சென் யுவான் வகுத்த மூன்றாம் நெறியின்பாற் படும் அதனை முதல் நெறியிற் சேர்த்துப் பாடபேதம் போலக் கொள்ளுதலே நம்மவர் செய்த பிழை.

அங்ஙனமாயின் கல்வெட்டாற் பயனில்லையோ எனின், உண்டு. கபிலர் மலையமான் திருமுடிக்காரியைப் பாடிய பாட்டுகள் 121 முதல் 124 வரை உள. காரியைப் பாட வந்த மாறோக்கத்து நப்பசலையார், 126ஆம் பாட்டில், மாசற்ற அந்தணராகிய கபிலர் பாடியபின் பிறர்க்குப் பாட இடமில்லை எனத் தயங்குகின்றார். கபிலர்க்கும் கோவலூர்க்கும் உள்ள உறவு இவ்வகையிற் பாட்டுகளாலேயே உறுதிப்படும். அவ்வுறவு எண்ணூறு ஆண்டுகள் கழிந்தும் அவ்வூரில் அழியாது நின்றது என்பதற்குக் கல்வெட்டு ஒப்பற்ற சான்று. சங்கப் பாட்டு ஒரு வட்டாரத்தின் நினைவில் எங்ஙனம் வாழ்ந்து மாறியது என ஆராய்வார்க்கு இதனினும் சிறந்த பொருள் கிடைத்தல் அரிது. வாழ்க்கை வரலாறு எழுதுவார் இதனைப் பறித்துக்கொண்டமையால் அவ்வாராய்ச்சி இன்னும் தொடங்கப்பெறவில்லை.

ஜம்பைக் கல்வெட்டின் நிலை முற்றிலும் வேறானது. அது ஒருவரிச் செய்தி. ஸதியபுதோ எனச் சிறப்பிக்கப்பெற்ற அதியன் நெடுமான் அஞ்சி என்பான், துறவியர்க்கு உறையுள் ஈந்தமையைக் கூறுகின்றது. இறுதிச் சொல்லைப் பாளி என்றும் பளி என்றும் படிப்பர். எங்ஙனம் படிப்பினும் உறையுள் என்னும் பொருள் மாறாது. இரா. நாகசாமி அதனை வெளியிட்டு விளக்கினார். ஐராவதம் மகாதேவன் தம் 2003ஆம் ஆண்டுத் தொகுப்பில் அதனைக் கி. பி. முதல் நூற்றாண்டினதாக வைத்தார். சங்கப் பாட்டுகளோடு ஏறத்தாழ ஒருகாலத்ததாகிய கல் இது.

இக்கல் எதனைத் திருத்திற்று? புறநானூற்றின் ஓரெழுத்தையும் அது திருத்தவில்லை. அது திருத்தியது அசோகனின் கல்வெட்டுக்கு நாம் கூறிவந்த உரையை. அசோகனின் இரண்டாம் பாறைக் கட்டளை தென்னாட்டு அரசுகளைக் கூறுமிடத்துச் சோழர், பாண்டியரோடு ஸதியபுதோ என ஒரு பெயரையும் தருகின்றது. கட்டளை பல இடங்களிற் பொறிக்கப்பெற்றமையால் முதல் நெறிக்கு அது நல்ல விளைநிலம். கிர்நார்ப் பிரதியிற் சேரன் பெயர் கேதலபுதோ என நிற்கும். கால்சியிற் கேலலபுதோ என வரும். மான்சேராவிற் கேரலபுத்ர என வரும். கிர்நாரின் தகரம் கல் தச்சன் பிழை என்பது ஒப்புநோக்கிய அளவிலே விளங்கும். கல்லும் பிழைபடும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. ஸதியபுதோ என்னும் பெயரோ பிரதிதோறும் பெரும்பாலும் ஒத்தே நின்றது. பாடம் ஐயமின்றி இருந்தும் பொருள் ஐயத்திற்கிடமாயிற்று. காஞ்சியென்றனர் சிலர், வாய்மை தவறாத கோசரென்றனர் சிலர், மராத்திய நாட்டுக் குடியொன்றைச் சுட்டினர் வேறு சிலர். அதியமானே அவன் என 1937இற் கே. ஜி. சேஷையர் எழுதியது அன்று ஓர் உய்த்துணர்வு மட்டுமே. தென்றிராவிட மொழிகளிற் சொன்முதற் சகரம் கெடுதலைப் பற்றிப் பரோ 1947இல் விரிவாக எழுதினார். சிப்பி இப்பியாதலும் சிறகு இறகாதலும் நாமறிந்தவை. ஸதிய என்பதன் வழியே அதிய என்பது வருதற்கு ஒலிநூல் இடந்தந்தது. ஜம்பைக் கல் இரண்டனையும் ஒரே ஆளின் பெயரோடு சேர்த்து வைத்துவிட்டது. நான்காம் நெறியாற் கூறியதை மூன்றாம் நெறியின் சான்று உறுதி செய்த அரிய இடம் இது.

ஆயினும் இங்கும் அளவு கடத்தல் கூடாது. கல்லில் அதியன் எனக் கண்டமையால், அதிகன் என வரும் இடங்களையெல்லாம் அதியன் எனத் திருத்தவேண்டும் என ஒருவர் கூறக் கேட்டேம். சிறுபாணாற்றுப்படையும் குறுந்தொகை 393ஆம் பாட்டும் அதிகன் என்றே கூறும். புறநானூற்று 91ஆம் பாட்டு அதியர் என்னும். இரண்டு வடிவமும் பழமையானவை. அதிகமான், அதிகைமான் எனப் பிற்காலத்துப் பெருகிய வடிவங்களைப் பழங்குறிப்பில் ஏற்றுதலைத் தடுக்கக் கல் உதவும். பாட்டினுள் நிற்கும் அதிகனை வெளியேற்ற உதவாது.

ஜம்பை கோவலூர்க்கு அண்மையில் இருத்தலும் கருதற்பாலது. அதியமான் கோவலூரை அழித்த வெற்றியைப் பரணர் பாடினார் என ஔவையார் 99ஆம் பாட்டிற் கூறுகின்றார். பரணரின் அப்பாட்டு நமக்குக் கிடைத்திலது. தகடூரினின்று கல்வராயன் மலையைக் கடந்தோ அதன் வடபாற் பெண்ணை வெளியின் வழியாகவோ வந்தவன், கோவலூர்ப் புறத்தே உறையுள் ஈந்தமை, இழந்த அப்பாட்டின் செய்தியோடு நன்கு பொருந்துகின்றது. ஈகை ஒன்றே ஆட்சிக்குச் சான்றாகாது என்பாரும் உளர். பிறன் நாட்டிற் சென்று துறவியர்க்கு உறையுள் ஈதல் இயலாததன்று. ஆனால் ஈந்தவன் தன் பட்டப்பெயர் முழுதும் பொறித்து நாட்டுத் தலைவன் பெயரை வாளா விடுதல் அத்துணை இயல்பன்று. வெற்றி நடந்ததென்பதற்கு ஔவையாரே போதிய சான்று. கல் அச்சான்றிற்கு இடங்காட்டுகின்றது.

கல்வராயன் மலைமேல் வாழும் மலையாளிகள் தம் முன்னோர் காஞ்சியினின்று வந்த கதையைக் கூறுவர். உடன்பிறந்தார் மூவர் பிரிந்து வெவ்வேறு மலைகளை அடைந்தனர் என்பது அதன் உட்கிடை. யார் எம்மலையை அடைந்தார் என்பது கூறுவார்தோறும் வேறுபடும். வாய்மொழி தொகுக்கச் செல்லும் மாணவர் சிலர், அச்சிற் கண்ட வடிவத்தைக் கையிற்கொண்டு, கூறுவாரின் பிழைகளைத் திருத்தி எழுதிக் கொணர்கின்றனர். அம்முதியவர்கள் பிழைபடக் கூறவில்லை. தம் மலையின் பாடத்தைக் கூறுகின்றனர்.

236ஆம் பாட்டைப் பதிப்பிப்பார்க்கு எம் வேண்டுகோள் இது. பாட்டு ஏட்டிற் கண்டவாறே நிற்க. அதன்கீழ்ப் பழங்குறிப்பு, பாட்டினும் சிறிய எழுத்தில், ஒரு சொல்லும் மாறாது நிற்க. பார்ப்பார்ப் படுத்தல் என்பதற்கு உரையாசிரியர் தம் பொருளை உரைப்பகுதியிற் கூறலாம், குறிப்பினுட் புகுத்தலாகாது. கோவலூர்க் கல்வெட்டின் செய்தி, அதன் காலமும் வானவன் மாதேவி பற்றிய பகுதியும் உடன்காட்டப்பெற்று, பின்னிணைப்பிற் செல்க. கபிலர் எங்ஙனம் இறந்தார் என்னும் வினாவுக்குரிய இடம் பாட்டிலும் இல்லை, குறிப்பிலும் இல்லை. அவ்விடத்தை, 267ஆம் பாட்டின் இடத்தைப் போல, வெறிதே விடுக.